குழியில் வைத்த காசு

மேசைமேல் கிடந்த காசு ஈரமாக இருந்தது.

விளிம்பில் அவளே ஆணியால் போட்ட கீறல். போன மாதம் இதே ஆற்றங்கரையில், பழைய படகுத்துறைச் சுவரின் அடியில், அங்கே புதைந்திருந்தவர்களின் எலும்புகளுக்குப் பக்கத்தில் அதைத் தன் கையால் வைத்துவிட்டுத்தான் மணல் போட்டு மூடச் சொன்னாள். அகழாய்வுக்காரர்களின் வழக்கம் அது. நாளைக்குத் தோண்டுகிறவனுக்கு, முன்பே ஒருவர் வந்துபோனது தெரிய வேண்டும். வைக்கும்போது, "இனிமே உங்கள யாரும் தொடமாட்டாங்க" என்று எலும்புகளிடம் சொல்லியும் வைத்தாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் மனசாரச் சொன்னாள்.

அந்தத் தைரியம் அண்ணன் கொடுத்தது. கரையில் எழும்பும் அடுக்குமாடிக்கு அவன்தான் பொறியாளர். சுவரை விட்டுத் தூண்களைத் தள்ளிப் போடுவதாகச் சொல்லியிருந்தான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய தகரக் கொட்டகை அலுவலகத்துக்குள் ஆற்றடிச் சேற்றின் வாடை மெல்ல ஏறிவர, டப்பாவில் அரிசி கொட்டுவதுபோல ஒரு சரசரப்பு எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, குழியத் திறந்தியா?"

மண்ணைத் தோண்டிப் பிழைக்கும் தங்கையை அவன் மண்புழு என்றுதான் கூப்பிடுவான்.

"மண்புழு, கோவிச்சுக்காத. மேல இருந்து அவசரப்படுத்துனாங்க. போன வாரமே தூண் இறக்கியாச்சு."

"சுவரு மேலயா? அந்த எலும்பெல்லாம்?"

"கான்கிரீட்டோட போயிடுச்சு. செத்தவங்கதானே, எந்திரிச்சு வந்து கேக்கவா போறாங்க?"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. கூடப் பிறந்தவன் கழுத்தறுத்ததைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அவன் குரலில் ஒரு பொட்டு வருத்தம் இல்லை.

"அப்புறம் காச எதுக்கு என் மேசையில வெச்ச?"

"எந்தக் காசு?"

திரும்பிப் பார்த்தாள். மேசையில் காசு இல்லை.

கால் நகரவில்லை. குனிந்தாள். மணல். கணுக்கால்வரை. எலும்புகளுக்கு உறுத்தாமல் இருக்க அவள் கேட்டு வாங்கிய, சலித்த ஆற்றுமணல். கதவிடுக்கில் வந்துகொண்டே இருந்தது.

முழங்கால். இடுப்பு.

கத்தினாள். போன் நழுவி விழுந்தது.

செத்தவர்களுக்கு அண்ணனைத் தெரியாது. வாக்குக் கொடுத்தவள் இவள்.

மணலுக்குள் ஏதோ அவள் கையைப் பிடித்தது. சில்லென்று. சதையில்லாமல். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது, அன்றைக்கு அவள் அவர்களைத் தொட்ட அதே பக்குவத்தோடு. ஈரக் காசை உள்ளங்கையில் வைத்து மூடியது.

மணல் உதட்டைத் தொட்டது. அடியில் எங்கோ போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"மண்புழு, கேக்குதா? பயப்படாத. அண்ணன் இருக்கேன்ல?"