மூன்றாம் குவிமாடத்தில் ஒன்ஸ் மோர்

இப்போதெல்லாம் யாரும் எங்கேயும் போவதில்லை. கல்யாணமா, கருமாதியா, பிள்ளை பெற்றவளைப் பார்த்துவிட்டு வருவதா, எல்லாவற்றுக்கும் பதிலிதான். ஆள் உயரத்தில் ஓர் இயந்திரம். அதற்கு உரியவரின் முகம், உரியவரின் குரல். அது போய் உட்கார்ந்துவிட்டு வரும். வீடு திரும்பியதும் உரியவரின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் பொத்தானில் விரலை வைத்தால், கண்டது கேட்டது எல்லாம் அரை நிமிடத்தில் அவர் மண்டைக்குள் இறங்கிவிடும். போகாமலே போய்வந்த நினைப்பு. இதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சன்னாசிக்கு இதில் நம்பிக்கை இல்லை. போன மாதம் அவர் தம்பி இறந்தபோது நாற்பது பதிலிகள் வந்து வரிசையாக நின்று அழுதன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கண்ணீர். மறுநாள் காலையில் அடுத்த வீட்டு ராசாங்கம் வந்து, நேற்று ரொம்ப அழுதுவிட்டேன், எனக்கே தாங்கவில்லை என்றார். முந்தின நாள் பூராவும் ராசாங்கம் கட்டிலில் மல்லாந்து கிடந்ததைச் சன்னாசி சன்னல் வழியாகப் பார்த்திருந்தார். இருந்தாலும் அந்த ஆளின் கண் நிஜமாகவே வீங்கியிருந்தது. அதை என்னவென்று சொல்வது? சன்னாசிக்குப் புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

இது நிலவில், மூன்றாம் குவிமாடத்தில். கண்ணாடிக் கூரைக்குக் கீழே பதினோராயிரம் பேர், பாதிக்கு மேல் தேனிப் பக்கத்துக் குடும்பங்கள். அங்கே ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. அதில் திரை இழுப்பது சன்னாசியின் வேலை. கேட்கத்தான் சுலபம். பூமியில் கயிற்றை விட்டால் திரை தானாக விழும். நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. திரை அந்தரத்தில் யோசித்துக்கொண்டு நிற்கும். ஓர் உலுக்கு உலுக்கிச் சுண்டினால்தான் இறங்கும். அந்தச் சுண்டல் எந்த இயந்திரத்துக்கும் வரவில்லை. அதனால் எழுபத்தாறு வயதிலும் அவரை வைத்திருந்தார்கள்.

கொட்டகையில் இருபத்தெட்டு வருடமாக ஒரே நாடகம், ‘மதுரவேணி சபதம்’. கதாநாயகி குமுதவல்லி. குமுதவல்லி என்றால் ஆள் அல்ல, அவளுடைய ஒளியுரு. நிஜக் குமுதவல்லி பதினேழு வயதில் மேடை ஏறியவள். பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒரே மூச்சில் வரும். பிறகு படத்துக்குப் போனாள். இருபது வருடம் பாடி நடித்தாள். நாற்பத்தொரு வயதில் ஒரு நிறுவனம் அவளைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்திப் பதினேழு நாள் பாட வைத்து, சிரிக்க வைத்து, அழ வைத்து, ஒளியாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. ஒளியுருவுக்கு இன்றும் நாற்பத்தொன்று. அவளுக்கு அறுபத்தொன்பது.

அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் கடிதம் வரும் வரைக்கும். பேத்திக்குப் பெயர் வைத்த அன்று தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றைப் பாடினாள். வந்திருந்த பதிலிகளில் ஒன்று அதைக் கொட்டகையை நடத்தும் கலைக்கழகத்துக்குத் தெரிவித்துவிட்டது. குமுதவல்லியின் குரலை அனுமதியின்றி, அதுவும் தரக்குறைவாக, நகல் செய்வது குற்றம் என்று கடிதம் வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நேரே கொட்டகைக்கு வந்தாள். சன்னாசி இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

“உன்னை மாதிரி நீ பாடக்கூடாதுங்கிறானா?”

“அப்படித்தாண்ணே எழுதியிருக்கு.”

கலைக்கழகத்தில் விசாரித்தபோது அருள்வாணன் என்ற அலுவலர் மரியாதையாகவே விளக்கினார். ஒரு பெயருக்கு ஓர் அசல்தான் இருக்க முடியும். அவள்தான் அசல் என்று வாதிட விரும்பினால் ஒரு நாள் மேடை தரப்படும். பார்வையாளர்கள் வாக்களிப்பார்கள். வென்றால் பெயரும் வேடமும் அவளுக்கு, ஒளியுரு அணைக்கப்படும். தோற்றால் குமுதவல்லி என்ற பெயரை அவள் எங்கும் சொல்லக்கூடாது, வீட்டு வாசலில்கூட. பதிலிகளின் வாக்கு பிடிக்காத உரியவர்கள் மூன்று நாளுக்குள் நேரில் வந்து மாற்றலாம். இதுவரை யாரும் நேரில் வந்ததில்லை என்பதையும் சொல்லிவைத்தார்.

பேசாமல் இருந்துவிடு தாயி என்று சன்னாசி சொல்லிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருடம் தூக்கிச் சுமந்த பெயரை ஒரு விளக்குக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று கையெழுத்துப் போட்டாள்.

மேடை தந்த அன்று மாலை ஐந்நூறு இருக்கையிலும் ஐந்நூறு பதிலிகள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தன. இருமல் இல்லை, செருமல் இல்லை. சன்னாசி திரையை ஏற்றினார். குமுதவல்லி பட்டுச் சேலையும் ஒட்டு முடியுமாக நடந்து வந்தாள். முதல் காட்சி தேறிவிட்டது. இரண்டாம் காட்சியில் சபதப் பாட்டு. மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. மண்பானையில் விரிசல் விடுவதுபோலச் சின்னதாக ஒரு சத்தம். அவள் விடவில்லை. உடைந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று, மேலே போகாமல் கீழே இறங்கி, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து பாட்டை முடித்தாள்.

“ஒன்ஸ் மோர்” என்று ஐந்நூறு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

அது பாராட்டு இல்லை. அந்த இடத்தில் அப்படிக் கேட்க வேண்டும் என்று பழைய பதிவுகளிலிருந்து பதிலிகளுக்குப் பழக்கியிருந்தார்கள். குமுதவல்லிக்கு அது தெரியும். ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்ஸ் மோர் கேட்டால் நாடகக்காரி முதலில் பாடியதையே திரும்பப் பாட மாட்டாள். அது அந்தத் தொழிலின் முறை. நடையை மாற்றுவாள், ஆர்மோனியக்காரரை ஒரு வார்த்தை சீண்டுவாள், முன்வரிசையில் தூங்குகிறவரைப் பாட்டுக்குள் இழுத்துவிடுவாள். அன்றைக்கு அவள் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து, பாதிக் குரலில், குவிமாடத்துக் குழாய்த் தண்ணீரின் துரு வாசத்தைக்கூட சபதத்தில் சேர்த்துப் பாடினாள். சன்னாசி தன்னை மறந்து சிரித்துவிட்டார். கொட்டகையில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

வாக்கு முடிவு உடனே வந்தது. ஆதரவு ஒன்றுமில்லை, எதிர்ப்பு ஐந்நூறு. காரணம் இரண்டு. முதல் முறை பாடியதில் பிழை இருந்தது. மீண்டும் கேட்டபோது கேட்டது தரப்படவில்லை.

இரண்டு நாள் குமுதவல்லி வெளியே வரவில்லை. மகன் வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டான். சன்னாசி போனபோது அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர் காப்பி குடித்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. கொட்டகை வாசலில் ஆட்கள் நின்றார்கள். பதிலிகள் இல்லை, ஆட்கள். வரிசையில் நிற்கத் தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். ராசாங்கமும் இருந்தார். பதிலிகள் இறக்கிவைத்த நினைவில் அந்த உடைந்த இடம் எல்லாரையும் என்னவோ செய்திருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக ஒரு குரல்கூட உடைந்து அவர்கள் கேட்டதில்லை. சோறு இறங்கவில்லை என்றார்கள். வாக்கை மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் நேரில் கேட்டுவிட வேண்டும் என்றார்கள்.

அருள்வாணன் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, கேட்கலாம் என்றார்.

சன்னாசி ஓடிப் போய்க் குமுதவல்லியைக் கூட்டிவந்தார். வழி முழுக்க அவள் தொண்டையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். நல்ல தொண்டை. மேல் ஸ்தாயி தங்கக் கம்பிபோல நின்றது. இன்றைக்கு என்ன புதுசாகச் செய்யப் போகிறாள் என்று சன்னாசிக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. மனிதர்கள் வந்து உட்கார்ந்த கொட்டகையை அவரும் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

திரையை ஏற்றினார். அவள் வந்து நின்றாள். உடனே ஐந்நூறு கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் நினைவுக்கண், உள்ளங்கை அகலக் கண்ணாடிச் சில்லு. எதிரில் நடப்பதைப் பதிந்துகொண்டு பிறகு காட்டும். அத்தனை முகமும் சில்லுக்குப் பின்னால் மறைந்துகொண்டது.

“அன்னைக்கு மாதிரியே வேணும்மா,” என்று யாரோ சொன்னார்கள். “அந்த இடத்தை மாத்திப்புடாதீக.”

மாற்றிப் பாடினால் என்ன ஆகும் என்பது குமுதவல்லிக்குத் தெரியும், சன்னாசிக்கும் தெரியும். பாட ஆரம்பித்தாள். ஏறும் இடம் வந்தது. குரல் உடைந்தது. அதே இடம், அதே விரிசல், அதே நிறுத்தம், அதே இறக்கம்.

கொட்டகை கதறியது. ஒன்ஸ் மோர் கேட்டார்கள். மறுபடி அதே இடத்தில் உடைந்தது. மூன்றாம் தரமும். அருள்வாணன் கையில் இருந்த கருவி முதல் நாள் பதிவோடு ஒப்பிட்டு, ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை என்று காட்டியது. ஐந்நூறு வாக்கும் மாறின. இவர்தான் அசல் என்று அறிவித்து, ஒளியுருவை அங்கேயே அணைத்தார். நாளை முதல் தினமும் மாலைக் காட்சி, சபதப் பாட்டு இதே முறையில் அமைய வேண்டும் என்று அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. குமுதவல்லி கையெழுத்துப் போட்டாள்.

கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. விலகியதும் சன்னாசி கிட்டத்தில் போனார்.

“தொண்டை நல்லாத்தானே இருந்துச்சு தாயி?”

“நல்லாத்தாண்ணே இருந்துச்சு.”

“பெறகு?”

“பெறகென்ன. அவுக கேட்டாக.” ஒட்டு முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “பேரு கெடைச்சிருச்சுல்ல? சிரிங்கண்ணே.”

சன்னாசி சிரிக்க முயன்றார். வரவில்லை. அவள் ஜெயித்திருக்கிறாள், அதில் சந்தேகம் இல்லை. எதை ஜெயித்தாள் என்பதுதான் பிடிபடவில்லை. கயிற்றைத் தூணில் முடிந்துவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் ராசாங்கம் பிடித்துக்கொண்டார். நினைவுக்கண்ணைத் துணியில் பொதிந்து நெஞ்சோடு வைத்திருந்தார்.

“நானே நேர்ல வந்தேன் பாத்தீகளாண்ணே. பதிலியை வீட்டுல நிறுத்திட்டு வந்துட்டேன்.”

“பாத்தேன். பாட்டு எப்படி இருந்துச்சு?”

ராசாங்கம் அவரை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இன்னும் பாக்கலைண்ணே. வீட்டுக்குப் போய்த்தான் பாக்கணும். நீங்களும் வாங்க, சேந்து பாப்போம். உங்ககிட்டதான் சில்லு இல்லையே, பாவம்.”

தெரு முழுக்க ஆட்கள் வேகவேகமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சன்னாசி அவர்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.