அந்த இருட்டு அவளுக்குத் தெரியும்

விழுப்புரம் பஸ் நிலையத்தில் மழை கொட்டியது. ஸ்கேன் சென்டர் வேலை முடிந்து திண்டிவனம் பஸ்ஸில் ஓடி ஏறிய கலைப்பிரியா, கிடைத்த சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். குடைத் தண்ணீர் மொத்தமும் பக்கத்தில் இருந்த கோகுலகிருஷ்ணனின் புத்தகத்தில்!

"மேடம்... புஸ்தகம் குளிச்சிக்கினு இருக்குது!"

"மழைன்னா நனையத்தான் செய்யும். என்னமோ சொத்துப் பத்திரம் மாதிரி..."

துப்பட்டாவால் துடைக்கும்போதுதான் அட்டையைப் பார்த்தாள். கடும் மனச்சோர்வில் விழுந்து மீண்ட ஒரு பெண், தன் கதையைத் தானே எழுதியது. கலைப்பிரியாவின் விரல்கள் நின்றன.

"இதெல்லாம் படிச்சா பேஜாராவாதா உங்களுக்கு?"

"எங்க அண்ணன் செல்வகுமார் ஆடி மாசத்துலேர்ந்து படுக்கைய விட்டு எழுந்திரிக்கல. சோம்பேறின்னு எல்லாரும் திட்டிக்கினு இருந்தோம்..." கோகுலகிருஷ்ணனின் குரல் தழைந்தது. "இந்த மாதிரி புஸ்தகங்க படிச்சப்புறந்தான் புரிஞ்சுது. பல்லு தேய்க்கக்கூட முடியலன்னு எழுதறாங்க. முடியலன்னா... நெஜமாவே முடியல."

"பல்ல விடுங்க. தலைமாட்டுல தண்ணி இருக்கும், தாகமா இருக்கும்... கை நீளாது."

அவன் திரும்பினான். மழை வெளிச்சத்தில் அவளுடைய பெரிய கண்கள்... சட்டென்று ஜன்னல் பக்கம் ஓடி ஒளிந்தன.

"இது எந்த புஸ்தகத்துலங்க?"

"எதுலயோ படிச்சேன்."

பொய். இரண்டு வருடத்துக்கு முன் அவளே அப்படிக் கிடந்தவள். 'வெளிய மூச்சு விடாத, எவன் கட்டுவான்?' என்று அம்மா அவள் வாயைப் பூட்டியிருந்தாள்.

அதன்பின் தினமும் சாயங்காலம் அதே பஸ். அவன் படித்ததைச் சொல்வான். அவள் கிண்டலடிப்பாள். ஒருநாள் அவன் முகம் செத்துக் கிடந்தது.

"அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறான். 'படிச்சிட்டு வந்து பேசாத, உனக்கு இன்னாடா தெரியும்'னு கேக்கறான். எனக்கு பயமா இருக்குதுங்க..."

அன்று திண்டிவனத்தில் இறங்கியதும் கலைப்பிரியா தன் வீட்டுக்குப் போகவில்லை. அவனோடு போனாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த செல்வகுமாரின் அருகே, தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நானும் இப்பிடித்தான் கெடந்தேன். மாத்திரை சாப்பிட்டேன். இப்பவும் சாப்பிடறேன். ஜல்தியா ஒண்ணும் சரியாவல... ஆனா ஆச்சு."

கதவோரம் நின்ற கோகுலகிருஷ்ணனுக்கு, அன்று பஸ்ஸில் அவள் சொன்ன தலைமாட்டுத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. செல்வகுமார் மெல்ல அவள் பக்கம் புரண்டான்.

"டாக்டர்கிட்ட... நீயும் வர்றியாம்மா?"

போனார்கள். மெதுவாக, முன்னும் பின்னுமாகத்தான் தேறினான். ஆனால் தை மாதம், முகத்தை மழித்துக்கொண்டு, தம்பியைப் பின்னால் உட்கார வைத்து, பைக்கைத் தானே ஓட்டிக்கொண்டு கலைப்பிரியா வீட்டுக்கு அவனுக்காகப் பெண் கேட்க வந்தான் செல்வகுமார்!

"எம்பொண்ணு மாத்திரை சாப்பிடறது தெரியுமா?" அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நானுந்தான் சாப்பிடறேங்கம்மா," என்றான் செல்வகுமார், கூச்சமில்லாமல்.

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காபி போட உள்ளே ஓடினாள்.

மாடிப்படியில் கலைப்பிரியா கோகுலகிருஷ்ணனை மடக்கினாள்.

"பரிதாபப்பட்டு கேக்கறீங்களா?"

"எங்க அண்ணன எழுப்பி நிக்க வெச்சவங்க மேல எதுக்குங்க பரிதாபம்? பயந்தான். வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு..."

அவள் கன்னம் சிவந்தது. கண்கள் இந்த முறை எங்கும் ஓடவில்லை.

"வேணாம்னு சொல்றவ, உங்களுக்காக தெனமும் ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நிப்பாளா... மக்கு!"