சின்னவனின் நீலக் கோட்டு

டைமர் வீறிட்டது.

பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது. மைனஸ் முப்பதில் பிள்ளைகள் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வெளியே நிற்கக் கூடாது என்று ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தில் அவள் கணவன் எழுதியிருந்தான். அடிக்கோடு வேறு.

சமையலறை ஜன்னலைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் விளக்கின் மஞ்சள் வட்டத்தில் சிவப்புக் கோட்டுக்காரி, பெரியவள், கரண்டியால் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டில் சின்னவன் வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான். அசையாமல். தூக்கத்தில்கூடக் கட்டிலை ஒரு சுற்று சுற்றி வருகிற பிள்ளை அவன்.

'கோட்டு கனம். நடக்க முடியாமல் நிற்கிறான்' என்று நினைத்துக்கொண்டாள்.

பனி நாட்டில் வாடகை வீடு எடுத்துக் கழிக்கிற இந்த விடுமுறைக்கு இரண்டு மாதம் திட்டம் போட்டவன் கணவன். குளிரைப் பற்றிப் படித்துப் படித்துப் பட்டியல் எழுதினான். கிளம்புகிற அன்று ஆபீஸில் அவசரம். "நீங்க மூணு பேரும் முன்னாடி போங்க, புதன்கிழமை வந்துடுறேன்" என்றான். இன்று வெள்ளி. பக்கத்து வீடு ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஐந்து நாளாக அவள் பேச்சுக்குப் பதில் சொன்ன பெரியவர்கள் யாரும் இல்லை. கணவனுக்காகக் கொண்டுவந்த பெரிய கோட்டை வீட்டுக்குள்ளும் அவளே போட்டுக்கொண்டு திரிந்தாள். அதில் இன்னும் அவன் சோப்பு வாசனை இருந்தது.

அவள் தையல்காரி. உடுத்திவிடுவது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. உடம்போடு ஒட்டும் கம்பளி, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுப் புகாத கோட்டு, முகமூடி, தொப்பி, பனிக்கண்ணாடி. கையுறைகள் தொலையாமல் இருக்க ஒரு நாடாவில் இரண்டையும் கோத்துக் கோட்டுக்குள்ளேயே தைத்திருந்தாள். இருவருக்கும் மாட்டி முடிக்க இன்று அரை மணி நேரம். சின்னவனின் கடைசி ஜிப்பை இழுத்து நிமிர்ந்தபோது அவன் சொன்னான்:

"அம்மா, ரெண்டுக்கு வருது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?"

"முன்னாடி வரலையே."

வெங்காயத்தை உரிப்பதுபோல எல்லாவற்றையும் உரித்துப் பெஞ்சில் போட்டாள். அவன் மாடிக்கு ஓடினான். உட்கார்ந்தால் அப்பாவைப் போல அரை மணி ஆக்குவான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சிக்னல் சமையலறையில் மட்டும்தான். "அவன் வந்ததும் நீயே மாட்டி விடு" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

"எல்லாம் நல்லா போகுதா?" என்றான் கணவன்.

"நீங்க இருந்தா நல்லா போகும்."

"நீ சமாளிச்சிடுவே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பத்து வருடம் ஓட்டியிருந்தான். லைன் போய்விட்டது. பேசிக்கொண்டிருந்தபோதே பெரியவள் வாத்து மாதிரி ஆடி ஆடி வந்து ஒரு கரண்டியை எடுத்துப் போனாள். வாசல் கதவு ஒரு முறை சாத்தும் சத்தம். குளிர் தரையோடு ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. எட்டிப் பார்த்தபோது வெளியே சிவப்பும் நீலமும். இன்றைக்குச் சீக்கிரம் இறங்கிவிட்டானே என்று டைமரைத் திருகினாள்.

இப்போது கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. இருவரையும் உள்ளே இழுத்துச் சாத்தினாள்.

பட்டியலில் முதல் வரி: உள்ளே வந்ததும் முகத்தைப் பார்க்கவும். பெரியவளின் முகமூடி மூச்சுக்காற்றில் உறைந்து அட்டையாக விறைத்திருந்தது. கழற்றினாள். மூக்கு சிவப்பாக இருந்தது. நல்லது.

"அவன் என்கூட விளையாடவே இல்லைம்மா. உம்முனு நிக்கிறான்."

"சண்டை போட்டீங்களா?"

"பேசினாத்தானே சண்டை போட."

சின்னவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெரியவளின் காலடியில் பனி உருகிச் சின்னக் குளமாகியிருந்தது. அவனுடைய பூட்ஸின் கீழே தரை காய்ந்து கிடந்தது. தோளில் படிந்த பனி அப்படியே இருந்தது. ஹீட்டர் பக்கத்தில்தான் உறுமிக்கொண்டிருந்தது.

முகமூடியைத் தொட்டாள். மெத்தென்று, காய்ந்து இருந்தது. மூச்சுப் பட்ட தடமே இல்லை. கழற்றப் போனதும் அவன் முகத்தை அவள் கையிலிருந்து திருப்பி, அவள் வயிற்றில் புதைத்துக்கொண்டான்.

அப்போதுதான் பெஞ்சின் மறுமுனையில் பார்த்தாள். சின்னவனின் ஸ்வெட்டர். பக்கத்தில் கம்பளிச் சட்டை. கழற்றிப் போட்டபடியே.

"ஏய், ஸ்வெட்டர்கூடப் போடாமலா இவனைக் கூட்டிட்டுப் போனே?"

"நான் எங்க கூட்டிட்டுப் போனேன்? நான் கரண்டி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவனே வெளியில நின்னான். நீங்க மாட்டி விட்டீங்கன்னு நெனச்சேன்."

மைனஸ் முப்பதில், வெறும் உடம்பின் மேல் ஒரு கோட்டு. பதினைந்து நிமிடம். பிள்ளை நடுங்கவில்லை. பட்டியலின் கடைசி வரி கண் முன்னால் வந்தது: நடுக்கம் நின்றுபோனால்தான் ஆபத்து. உடம்போடு அணைத்துச் சூடு கொடுக்கவும்.

"ஹீட்டரை இன்னும் கூட்டு. போ, பெட்ஷீட் எடுத்துட்டு வா."

பெரியவள் உள்ளே ஓடினாள். தாய் தரையில் உட்கார்ந்தாள். கணவனின் கோட்டைத் திறந்தாள். சின்னவனை வாரி நெஞ்சோடு வைத்து, இருவரையும் சேர்த்து ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். இரண்டு பேருக்கு அந்தக் கோட்டில் தாராளமாக இடம் இருந்தது.

"ஒண்ணுமில்லைடா கண்ணா. அம்மா இருக்கேன்ல."

அவன் கைகள் அவள் முதுகுப்பக்கம் போய்க் கோத்துக்கொண்டன. குளிர் துணியைத் தாண்டி வந்தது. தோலைத் தாண்டி வந்தது. அவளுடைய சூடு ஒரு பக்கமாக வடிந்து போய்க்கொண்டிருந்தது, அடியில் ஓட்டை விழுந்த குடத்துத் தண்ணீர் மாதிரி.

முதுகைத் தேய்த்தாள். தேய்க்கிற கை, பழக்கத்தில், தோளை அளந்தது.

சின்னவனின் தோள் பத்தரை அங்குலம். போன மாதம் இந்தக் கோட்டைப் பிடித்துத் தைத்தவள் அவள்தான். ஒரு சாண், இரண்டு விரல்.

ஒரு சாண். இரண்டு விரல். மூன்று. நான்கு.

மறுபடி அளந்தாள்.

ஐந்து.

நெஞ்சில் பதிந்திருந்த தலையின் மேல் கன்னத்தை வைத்துக் கவனித்தாள். மூச்சு இல்லை. துடிப்பு இல்லை. ஆனால் அணைப்பு இறுகியது. மெதுவாக. பிள்ளைகள் இறுக்குவதுபோல அல்ல.

ஜிப்பை இழுத்தாள். இறங்கவில்லை.

பனிக்கண்ணாடி நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அதில் அவள் முகம்தான் தெரிந்தது. சின்னதாக. உதடு நீலமாக.

மாடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு கதவு கிறீச்சிட்டது. பிறகு, தினமும் கேட்கிற அதே அலுத்துப்போன குரல்:

"அம்மா, முடிஞ்சிடுச்சு. கழுவி விட வாங்க."