இரண்டு நீலக் கோடு

செல்லியம்மாள் இருபத்திரண்டு வருஷம் வாயைப் பூட்டி வைத்திருந்ததற்கு ஒரே நாளில் விலை படிந்தது: நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பார்வை. விற்றவன் அவள் பெற்ற மகன். சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், பாவம், அவளேதான்.

பீர்க்கன்கரணை வீட்டில் விடிந்ததும் அவளுக்கு ஒரு வழக்கம். மகன் மதியழகன் எடுத்துப் போடும் ‘செல்லியம்மா சமையல்’ வீடியோ வந்திருந்தால், அதைத் திறந்துகூடப் பார்க்காமல், ஒரு ரோஜாப்பூவும் ஒரு கும்பிடும் சேர்த்து சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவாள். தன் முகத்தைத் தானே பார்க்க அவளுக்குக் கூச்சம். கடைசியாக, பொழிச்சலூரில் இருக்கும் நாத்தனார் மஹாலட்சுமிக்கு. அங்கிருந்து பதில் வராது. இரண்டு நீலக் கோடு மட்டும் வரும். பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். பேச்சு அற்றுப்போன உறவில் செல்லியம்மாளுக்கு அதுவே பொங்கல் சீர் வந்த மாதிரி.

இன்றும் அனுப்பினாள். பால் பொங்குவதற்குள் பக்கத்து வீட்டு தீபா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

“ஆன்ட்டி... அழ வெச்சிட்டீங்க! உங்க மாமியார் சாகறப்ப அப்படியா சொன்னாங்க?”

செல்லியம்மாள் அடுப்பை அணைத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். முதல் தடவையாகத் தன் வீடியோவைத் திறந்தாள்.

போன ஞாயிறு, வஞ்சிரம் வறுத்து முடித்தபின் மகனிடம் மனசு விட்டுப் பேசியது அப்படியே ஓடியது. “கேமரா ஆஃப்மா, உக்காரு” என்று அவன் சொன்னதை நம்பிப் பேசியது. மைக் அவள் சேலைத் தோளிலேயே இருந்தது.

விஷயம் இதுதான். மஹாலட்சுமி, வீட்டை எதிர்த்து, அசரியா என்ற கிறிஸ்தவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போனவள். அவளுடைய அம்மா மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, மஹாவுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று செல்லியம்மாள் எழுந்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து, “அவ வந்தா நான் கண்ணைத் தொறக்க மாட்டேன்” என்றாள். பிணத்தை எடுத்த பிறகுதான் மஹாலட்சுமி வந்து சேர்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று தெருவே கேட்கக் கத்தினாள். பெற்றவளே வேண்டாம் என்றாள் என்பதை ஒரு மகளிடம் எந்த வாயால் சொல்வது? செல்லியம்மாள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“மறந்துட்டேன்.”

அன்றிலிருந்து அவள் கல்நெஞ்சுக்காரி. புருஷன் மாணிக்கவேல்கூட அதை நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

பல் துலக்கிக்கொண்டே வந்தான் மதியழகன்.

“இன்னாடா பண்ணி வெச்சிருக்கே? ஆஃப்னு சொன்னியேடா!”

“ஊரே உன்னத் திட்டுச்சும்மா. நீ நல்லவன்னு தெரிய வேணாமா? கமெண்ட்ஸ் பாரு... எல்லாரும் தெய்வம்ன்றாங்க!”

“தெய்வத்தைக் கேட்டுக்கினா படம் புடிச்சே?”

“சேனல் படுத்துக் கெடந்துச்சும்மா. மீன் வறுவலுக்கு முந்நூறு வியூஸ்! இது...”

“முந்நூறு பேருக்குப் புடிச்சது பத்தலையாடா உனக்கு? அவளுக்கு அவங்கம்மான்னா உசுருடா! அந்த நெனப்பு ஒண்ணத்தான் நான் அவளுக்கு மிச்சம் வெச்சேன்... அதையும் புடுங்கிட்டியே!”

அனுப்பியதை அழிக்கப் போனை எடுத்தாள். நீலக் கோடு இரண்டும் வந்துவிட்டிருந்தன.

பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷமாக மிதிக்காத வாசலுக்குள் மஹாலட்சுமி செருப்போடு ஓடி வந்தாள்.

“மறந்துட்டேன்னு சொன்னியே அண்ணி... உன்ன எவ்ளோ சாபம் வுட்டேன்! அண்ணன் சாவுக்குக்கூட தெருமுனையிலயே நின்னுட்டுப் போனேனே... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வுடும்மா... வுடு...”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை ஓய்ந்த பிறகு மஹாலட்சுமி அவள் தோளில் முகம் வைத்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

“நீ கெடச்சிட்டே அண்ணி. இப்ப எங்கம்மாவை நான் எங்க போய்த் தேடுவேன்?”

இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் செல்லியம்மாள் இத்தனை வருஷம் ஏச்சு வாங்கினாள். தலை நிமிர்ந்தாள். எதிரே மதியழகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனும் நிஜமாகத்தான் அழுதான். ஆனால் கை மட்டும் ஆடவில்லை.

“ஒரே நிமிஷம் அத்தை... நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க...”

செல்லியம்மாள் உள்ளே போனாள். அலமாரியிலிருந்த மைக்கை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது ஆன்ல கீதா ஆஃப்ல கீதான்னு எனக்குப் பாக்கத் தெரியாதுடா. நீ சொல்றதத்தான் நம்பிக்கினு இருந்தேன்.”

நாலு சேலையைப் பையில் வைத்தாள். “மஹா, உன் வூட்ல எனக்கு ஒரு எடம் கீதா?”

“இன்னா அண்ணி கேள்வி இது... ஆட்டோவை அனுப்பவே இல்ல நான்!”

இப்போது தினமும் விடிந்ததும் மதியழகன் பொழிச்சலூருக்கு அனுப்புகிறான், ஒரு ரோஜாப்பூ, ஒரு கும்பிடு: “வீடியோவைத் தூக்கிட்டேம்மா. சாப்டியா?”

கூட்டிக் கழித்துப் பார்த்தால், செல்லியம்மாளுக்கு வரவு ஒரு நாத்தனார். மஹாலட்சுமிக்குச் செலவு ஓர் அம்மா. மதியழகனுக்கு இதுவரை வந்து சேர்ந்தது தினம் இரண்டு நீலக் கோடு. பதில், பாக்கி.