மூன்றாவது புள்ளி

ஏரிக்கு மேலே, மலையடிவாரத்தில் இருந்த பழைய காசநோய் ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரி ஓர்மோனும் அவன் ஆட்களும் போய் இறங்கியபோது மதியம்கூட ஆகவில்லை. ஆனாலும் உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நோயாளிகள் காலி செய்து எத்தனையோ வருஷம் ஆகியும் மருந்து வாடை போகவில்லை. சுவர் அதைக் குடித்து வைத்திருந்தது.

நடை வாசலில் ஓர்மோனின் நெற்றி இடித்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் இடிக்கும். அவ்வளவு உயரம்.

"உங்களுக்குன்னு தனியா ஒரு வாசல் வரையச் சொல்லணும் பைக்கே," என்றான் கொத்தனார் குபாத். மூத்தவனை அண்ணே என்று கூப்பிடுவதற்கு அந்தப் பக்கம் பைக்கே.

"வாயைச் சாத்திட்டு அடுப்பை இறக்குடா."

ஆஸ்பத்திரியை விடுதியாக மாற்றும் வேலை. கிழக்கு வார்டுக்குக் கூரையே இல்லை. கடைசியில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி, அதன் மேல் உத்திரம் ஏற்றி, பனி விழுமுன் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் வேலை வசந்தத்துக்குத் தள்ளிப்போகும். அதுவரை ஆட்கள் காத்திருப்பார்களா? மாஸ்கோவுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். போனவன் எவனும் திரும்பி வந்ததில்லை. இந்த வயதில் ஓர்மோன் இன்னொரு கூட்டத்தைச் சேர்க்க முடியாது. அவனுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் பெண் புரூல் அவன் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தாள்.

"காகிதம் எங்கே?"

"காகிதம் கிடையாது பைக்கே. பிளான் மேகத்துல இருக்கு. நான் ஆபீஸ்ல மாத்தினா இங்க உடனே மாறிடும். இதுல என்ன இருக்கோ அதைத்தான் கட்டணும்."

"மேகமா? இங்க தினம் மேகம் இறங்குது. ஒரு செங்கல்லும் வெச்சதில்லை."

அவள் சிரித்தாள். ஓர்மோன் சிரிக்கவில்லை. திரையில் ஒரு சின்ன நீலப் புள்ளி மிதந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெயர். எகெம்பெர்தி.

"இவன் செத்துட்டானே."

இந்த ஆஸ்பத்திரியை அளந்து முதல் பிளான் போட்டவன் எகெம்பெர்தி. டேப் பையில் இருந்தாலும் கையால் சாண் போட்டுத்தான் முதலில் அளப்பான். வசந்தத்தில் மீன் பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. இசிக்-குல் ஏரி உடம்பைத் திருப்பித் தரவில்லை.

புரூல் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிளானுக்குள்ள போறதுக்கு அவர் பேர்ல வருஷத்துக்கும் பணம் கட்டியாச்சு. தனித்தனியா வாங்கணும்னா மறுபடி செலவுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல எல்லாருமே அவர் பேர்லதான் உள்ளே போறோம். நீங்களும் அப்படியே போங்க. உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு புள்ளி தெரியும்."

"நாப்பதாம் நாள் அவன் போட்ட கோட்டை எடுத்துத் தானம் கொடுத்தீங்க. செருப்பைக் கொடுத்தீங்க. பேரை மட்டும் வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. நல்லா இருக்கும்மா."

புரூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

சுவர் வேலை ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாமான் அறை வரும். குபாத் தூக்குக்குண்டு விட்டு, இடுப்பளவு எழுப்பினான். மறுநாள் காலையில் டேப்லெட்டைத் திறந்தால் சுவர் ஓரடி தள்ளி நின்றது. சாமான் அறை அந்த அளவுக்குச் சின்னதாகியிருந்தது.

ஓர்மோன் போன் போட்டான். "என்னம்மா விளையாட்டு இது?"

"நான் தொடவே இல்லை பைக்கே."

"தொடாம சுவர் நடந்து போகுமா?"

"வேற யாராவது தொட்டிருப்பாங்க. கேட்டுப் பார்க்கிறேன்."

யாரைக் கேட்பது? மாற்றியவர் என்று திரை காட்டிய பெயர் எகெம்பெர்தி. எல்லாருமே எகெம்பெர்தி. ஆபீஸில் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட்டார்கள். புரூல் பழைய இடத்துக்கே சுவரைத் திருத்தி வைத்தாள். விடிந்தால் மறுபடி நகர்ந்திருந்தது.

இடித்தார்கள். கட்டினார்கள். மறுபடி இடித்தார்கள்.

ஓர்மோனுக்கு வெறுத்துப்போயிற்று. ஒருநாள் பழைய பிளானைக் கடையில் காகிதத்தில் எடுத்து வந்து, அதை வைத்துக் கட்டினான். முதலாளியின் ஆள் வந்து தன் போனை நீட்டினான். "இது பழசு. புதுசுல சுவர் அங்கே இருக்கு. பிரி." காகிதத்தை ஓர்மோன் அடுப்பில் போட்டான். எதிரே மலையில் பனியின் வெள்ளைக்கோடு தினமும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் மாஸ்கோவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"பைக்கே, அறை இப்படியே சின்னதாச்சுன்னா சாமானை நிக்க வெச்சுத்தான் அடுக்கணும்," என்றான் குபாத்.

"உன்னையும் சேர்த்து அடுக்குறேன், பேசாம கலவையைக் குழை."

பிறகு குபாத்தும் பேச்சைக் குறைத்தான்.

காரணம் வாடை. அந்த மூலையில் மட்டும் மருந்து வாடை இல்லை. ஏரித் தண்ணீர் வாடை. கரையில் ஒதுங்கி அழுகுகிற பாசியின் வாடை. தரை எப்போதும் ஈரமாக இருந்தது. தண்ணீர் வர மேலே குழாயும் இல்லை, மழையும் இல்லை. ஒருநாள் ஈரம் காயாத பூச்சின் மேல் வரிசையாகக் குழிகள் தெரிந்தன. கட்டைவிரல், சுண்டுவிரல். கட்டைவிரல், சுண்டுவிரல். சுவர் நெடுக.

"எவன்டா பூச்சுல கை வெச்சது?"

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர்மோன் அதன் மேல் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தான். அவனுடையது பெரிய கை, பொருந்தவில்லை. கரணையால் தேய்த்து மூடினான்.

அடுத்த நாள் பட்டப்பகலில் மூடுபனி உள்ளே வந்தது. கூரையில்லாத வார்டில் ஆள் முகம் தெரியவில்லை. ஆட்கள் வெளியே தேநீருக்குப் போயிருந்தார்கள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஓர்மோன் டேப்லெட்டுடன் வார்டின் நடுவில் நின்று புரூலைக் கூப்பிட்டான்.

"பிளானைத் திற. எனக்கும் தெரியணும், உனக்கும் தெரியணும். எவன் கை வைக்கிறான்னு பார்த்துடலாம். ஆபீஸ்ல மத்தவங்க?"

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் மட்டும்தான். திறந்துட்டேன் பைக்கே."

திரையில் நீலப் புள்ளி. பக்கத்தில் இன்னொரு நீலப் புள்ளி. எகெம்பெர்தி, எகெம்பெர்தி.

"ஒண்ணு நான், ஒண்ணு நீ. சரியா?"

"சரி."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு புரூலின் குரல் இறங்கியது.

"பைக்கே. அந்த மூணாவது யாரு?"

சாமான் அறைக்குள் ஒரு புள்ளி இருந்தது.

எகெம்பெர்தி.

"வேற எவனோ உன் ஆபீஸ்ல..."

"யாரும் இல்லை பைக்கே. கதவை நான்தான் பூட்டினேன்."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர்க்கோடு நகர்ந்தது. அவசரமே இல்லாமல். ஒரு சாண். நின்றது. இன்னொரு சாண்.

"நான் தொடல," என்று கிசுகிசுத்தாள்.

"தெரியும். பேசாம இரு."

அறை இப்போது அறையாக இல்லை. ஆள் நீளம். தோள் அகலம். மேற்குப் பக்கம், சுவரின் அடியில், பக்கவாட்டாகக் குடைந்த ஒரு பொந்து.

ஓர்மோன் அந்த வடிவத்தைத் தன் கையாலேயே வெட்டியிருக்கிறான். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, ஊரில் எத்தனையோ பேருக்கு. அவர்கள் வழக்கத்தில் குழிக்குள் பக்கவாட்டில் குடைந்த இடத்தில்தான் உடம்பைக் கிடத்துவார்கள்.

எகெம்பெர்திக்கு அப்படி ஒன்று வெட்டப்படவே இல்லை.

புள்ளி வெளியே வந்தது.

வார்டுக்குள் வந்தது. கோட்டின் வழியே, கட்டிலெல்லாம் கிடந்த இடத்தைத் தாண்டி, ஓர்மோனின் புள்ளியை நோக்கி.

எதிரே மூடுபனிக்குள் நனைந்த செருப்பு தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

"பைக்கே, நகருங்க."

கால் வரவில்லை. இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று நின்றன. கழுத்துக்குப் பின்னால் பாசி வாடை. டேப்லெட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

ஓர்மோன் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னான். "கட்டிக் கொடுக்கிறேன். என் வேலையைக் கெடுக்காதே."

மூன்றாவது புள்ளி அணைந்தது.

அன்றே கட்டினார்கள். சாமான் அறையைப் பழைய அளவுக்கே விட்டு, அதற்குள், மேற்குச் சுவரோரம், திரையில் பார்த்த அளவுக்கு ஒரு அடைப்பு. உள்ளே ஒன்றும் இல்லை. கடைசிக் கல்லைக் குபாத் வைத்தான். முடிந்ததும் வாசலில் அடுப்பு மூட்டி, மாவைத் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தார்கள். செத்தவனுக்குப் பசி ஆறுவது பொரிக்கிற வாசனையில்தான். எகெம்பெர்தியின் பெயரைச் சொல்லி ஓதினார்கள், முகத்தில் கை தடவிக்கொண்டார்கள். எண்ணெய் வாசனை வார்டெல்லாம் பரவியது.

புரூல் மேலிடத்தோடு சண்டை போட்டு, அந்தப் பெயரை அழிக்க வைத்தாள். ஆளுக்கொரு பெயர் வாங்கினார்கள்.

"உங்க பேரும் போடணும் பைக்கே."

"என் பேரு அதுக்குள்ள எதுக்கு? போடாதே."

"போடலைன்னா உத்திரத்துக்கு ஒப்புதல் வராது. அப்புறம் பனி வந்துடும்."

ஓர்மோன் மலையைப் பார்த்தான். வெள்ளைக்கோடு வேலிக்கு வந்திருந்தது. "போட்டுத் தொலை," என்றான்.

சுவர் அதன்பின் நகரவில்லை. உத்திரம் ஏறியது, தகரம் ஏறியது. கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே முதல் பனி விழுந்தது. ஆட்கள் கூரை மேலேயே கத்திக் கூத்தாடினார்கள். எவனும் ரயில் ஏறவில்லை. ஓர்மோன் டேப்லெட்டைத் துணியில் சுற்றி புரூலுக்கே அனுப்பிவிட்டான். அதை இனிக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு பகல் பொழுது. ஓர்மோன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். புரூல் போன் செய்தாள்.

"பைக்கே, வேலைதான் முடிஞ்சுதே. மறுபடி எதுக்கு பிளானுக்குள்ள போனீங்க?"

"யாரு போனா?"

"உங்க பேர்ல ஒரு புள்ளி. சாமான் அறையில நிக்குது."

"டேப்லெட்டை உனக்குத்தானே அனுப்பினேன்."

"ஆமா. என் மேசையிலதான் இருக்கு. அணைச்சு வெச்சிருக்கேன்."

ஓர்மோன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பேரை அழி."

"அழிச்சுட்டேன் பைக்கே. அதுக்கப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன். இன்னும் நிக்குது. ஏதோ வரையுது."

"என்ன?"

"அந்த அடைப்புக்குப் பக்கத்துல இன்னொண்ணு. அதே மாதிரி."

"அதே அளவா?"

அவள் அளந்து பார்க்கிறாள் என்பது தெரிந்தது. போனில் அவள் விரல் திரையைத் தட்டும் சத்தம். தேநீரிலிருந்து பாசி வாடை எழுந்தது.

"இல்லை பைக்கே," என்றாள் மெதுவாக. "இது நீளமா இருக்கு. அதைவிட ஒரு சாண் கூடுதல்."