ஜோடி மாறிய பேட்டரி

போன் அலறியது.

சுனில்டா ஓவெலார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையில் செத்துப்போன வேப், அதாவது பேட்டரி சிகரெட். இன்னொரு கையில் பஞ்சு சுற்றிய குச்சி. கவுன்ட்டருக்கு எதிரே ஒரு டாக்சி டிரைவர், பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"புது பேட்டரி மேடம்! பட்டனை அமுக்கினா அஞ்சு தடவை கண்ணடிக்குது... அவ்ளோதான். புகையே வரலை!"

"பேட்டரி மேல தப்பில்லை. அது போய் முட்டுற பின்னைப் பாருங்க. எவ்ளோ அழுக்கு! இதை எப்ப துடைச்சீங்க?"

"துடைக்கணுமா?"

"பல்லு தேய்க்கிறீங்கல்ல?"

ஸ்பிரிட் தொட்டு ஒரு துடைப்பு. பேட்டரியை உள்ளே தள்ளி பட்டனை அமுக்கினாள்.

புகை!

டிரைவர் கும்பிடாத குறையாகக் கிளம்பினார். போன் மறுபடி அலறியது. இந்த முறை எடுத்தாள்.

"சுனி... நான் எலாடியோ. பக்கத்துல போலீஸ் நிக்குது. பட்டறை எரிஞ்சு போச்சு! என் வேப் வெடிச்சுத்தான் தீப்பிடிச்சுதாம்!"

"ஆளுக்கு ஏதாவது ஆச்சா அண்ணே?"

"மத்தியானத் தூக்க நேரம். எல்லாரும் வீட்டுல. ஆனா இறகு... நானூறு தீக்கோழி இறகு, சுனி!"

"ராணியோட வெள்ளிக் கிரீடம்?"

மறுமுனையில் ஒரு விக்கல்.

"அதுவும் போச்சுன்னு... சொல்றாங்க. நாலு மணிக்கு என்னை ஜீப்ல ஏத்தப் போறாங்க. சனிக்கிழமை ஊர்வலத்துக்கு நான் உள்ளதான் இருப்பேன் போல!"

மணி மூன்று பத்து!

சுனில்டா பேட்டரி அளக்கும் மல்டிமீட்டரைப் பையில் திணித்தாள். திரும்பிய வேகத்தில் தோள் பட்டு, அலமாரியில் இருந்த பிஸ்கட் டின் ஆடியது. வெள்ளிக்கிழமை எலாடியோ வைத்துவிட்டுப் போனது. சுற்றிலும் டேப். 'ஒரு சின்னப் பத்த வைக்கிற வேலை... திறக்காதே, நானே வந்து சொல்றேன்' என்று சொல்லியிருந்தார். அதை உள்ளே தள்ளிவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

என்கார்னசியோன் நகரத்தில் பிப்ரவரி மாதம் என்றால் கார்னிவல் திருவிழா. கார்னிவல் என்றால் 'வெள்ளை நாரை' ஆட்டக் குழு. அந்தக் குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாக உடை தைப்பவர் எலாடியோ இன்ஸ்ஃப்ரான். முப்பது வருஷம் சிகரெட் ஊதிய மனுஷன். சுனில்டா கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து, கடைசி சிகரெட்டை அவள் கவுன்ட்டரிலேயே அணைத்தவர். அவருக்குப் பேட்டரி பாடம் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அந்தப் பேட்டரிதான் அவரை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறதா?

பைக்கை முறுக்கினாள்.

பட்டறை முழுக்கக் கரிந்த இறகு நாற்றம். நனைந்த சாம்பல். மூலையில் இருந்த மர பீரோ பாதி இல்லை. வாசல் பக்கம் மட்டும் தப்பித்திருந்தது.

"கொலைகாரா! என் பொண்ணு கிரீடம் இல்லாம மொட்டைத் தலையாவா போவா?" என்று கத்திக்கொண்டிருந்தாள் ஞா பிளாசிதா. கார்னிவல் ராணியின் அம்மா. அந்த ஊரில் பெண்களுக்கு 'ஞா', ஆண்களுக்கு 'டான்' என்பது மரியாதை. கையில் விசிறி. அதை எலாடியோவின் தலையில் எப்போது இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கம்மா... விபத்துதானே. மனுஷன் மறக்கறது சகஜம். நாமளே மன்னிக்கலைன்னா யாரு மன்னிப்பா?" என்றார் குழுத் தலைவர் டான் ஹெர்மினியோ. வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். அவர் பேசினாலே பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வரும்.

எலாடியோ நடுவில் நின்றார். பெரிய உடம்பு. பெரிய தொப்பை. சின்னக் குழந்தை மாதிரி அழுத முகம்.

"நீங்க யாரு?" என்றார் போலீஸ் அதிகாரி ரிகெல்மே. கக்கத்தில் ஐஸ் தண்ணீர் பிளாஸ்க், கையில் தெரெரே குவளை. உலகமே எரிந்தாலும் அவருக்கு அந்தக் குளிர்ந்த மூலிகைத் தண்ணீர் நிற்கக் கூடாது.

"இவருக்கு வேப் வித்தவ சார்."

"நல்லதாப் போச்சு. உங்களையும் கேட்கணும்னு இருந்தேன். இதைப் பாருங்க."

மேசை மேல் கருகிப்போன வேப். உள்ளே கரிக்கட்டையாக இரண்டு பேட்டரிகள்.

"பீரோவுக்குள்ள, இறகுக்கு நடுவுல கிடந்துச்சு. சார்ஜ் வயரோட! பூட்டின கதவு. சாவி மூணே பேர்கிட்ட... இவர், தலைவர், அந்த அம்மா. இவர் சார்ஜ் போட்டுட்டு மறந்து போயிட்டார். கேஸ் முடிஞ்சுது."

"நான் போடலை சார்!" எலாடியோ கதறினார். "வெயில் நேரத்துல தனியா விட்டுப் போனா பேட்டரியைக் கழட்டி டப்பாவுல வைன்னு சுனி சொல்லிருக்கா. காலி வேப்பை மேசையில வெச்சேன். நாலு பேட்டரியும் டப்பாவுல. டப்பா என் ஏப்ரன் பையில!"

ரிகெல்மே வாசலில் தொங்கிய ஏப்ரனிலிருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். திறந்தார்.

"ரெண்டுதானே இருக்கு? மீதி ரெண்டும் அந்த வேப்ல. கணக்கு சரியா வருதே!"

சுனில்டா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

இன்னொரு முறை பார்த்தாள்.

சிரித்துவிட்டாள்!

"என்னம்மா சிரிப்பு?"

"சார்... இந்த ரெண்டும் புருஷன் பொண்டாட்டி இல்லை!"

ரிகெல்மேயின் குவளை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

சுனில்டா இரண்டையும் மேசையில் வைத்தாள். ஒன்றில் நகப்பூச்சால் ரோஸ் பொட்டு. இன்னொன்றில் நீலப் பொட்டு.

"இவர் வேப்புக்கு ரெண்டு பேட்டரி வேணும். ஒண்ணா வாங்கணும். ஒண்ணா சார்ஜ் போடணும். ஒண்ணாவே தீரணும். கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி! எங்க தொழில்ல ஜோடின்னே சொல்லுவோம். ரோஸ் ஜோடி போன மாசம் வாங்கினது... புதுசு. நீல ஜோடி ரெண்டு வருஷக் கிழடு. கலந்து போட்டா கிழட்டால ஓட முடியாது. புதுசு அதை இழுத்துட்டு ஓடும். கிழடு சூடாகிக் கெட்டுப் போகும். வெடிச்சாலும் வெடிக்கும்!"

மல்டிமீட்டரை வைத்துக் காட்டினாள். ரோஸ் நாலு புள்ளி ஒன்று வோல்ட். நீலம் மூணரை.

"டப்பாவுல ஒரு ரோஸ், ஒரு நீலம் மிச்சம். அப்ப வேப்ல போனது?"

ரிகெல்மே விரலை மடக்கினார்.

"ஒரு ரோஸ்... ஒரு நீலம்."

"போட்டவனுக்கு ஜோடின்னா என்னன்னே தெரியாது. கையில வந்த ரெண்டைப் போட்டுட்டான்!"

"இவரே அவசரத்துல மாத்திப் போட்டிருக்கலாமே?"

"சார்!" எலாடியோ நெஞ்சை நிமிர்த்தினார். அழுகை போய் ரோஷம் வந்துவிட்டது. "என் கல்யாண நாளை மறந்திருக்கேன். மாமியார் பேரை மறந்திருக்கேன். ஜோடியை மட்டும் மறந்ததே இல்லை! ஒரு தடவை மாத்திப் போட்டு கையிலயே கொதிச்சுது சார். அன்னிக்குத்தான் ராணிகிட்ட நகப்பூச்சு கடன் வாங்கி பொட்டு வெச்சேன்!"

"என் பொண்ணு நகப்பூச்சைத் திருடினது நீதானா?" விசிறி உயர்ந்தது.

"கடன்மா! கடன்!"

விசிறி இறங்கியது. எலாடியோ குனிந்தார். ரிகெல்மே நடுவில் புகுந்தார். குவளை உருண்டது. இறகுச் சாம்பல் பறந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சுனில்டா ஞா பிளாசிதாவின் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்துவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

"போதும்!" என்றார் ரிகெல்மே. "இந்தக் கடைக்காரம்மா சொல்றதுல விஷயம் இருக்கு. அந்த ரெண்டு பேட்டரியையும் சாட்சியா எடுத்துக்கறேன்."

மேசைக்குத் திரும்பினார்.

மேசை காலி!

"பேட்டரி எங்க?"

சுனில்டா குனிந்து மேசைக்கு அடியில் தேடினாள், அங்கேயும் இல்லை. கைக்கு வந்த ஒரே சாட்சி!

ஆனால் அடுத்த நொடியே அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் வந்தது.

"யார் எடுத்திருந்தாலும் சரி... இப்பவே கீழ வைங்க!" குரல் உயர்ந்தது. "அந்த ரோஸ் பேட்டரிக்கு மேல்முனையில தோல் கிழிஞ்சிருக்கு. இப்பத்தான் பார்த்தேன். பாக்கெட்ல சில்லறையோ சாவியோ இருந்து, அது ரெண்டு பக்கமும் பட்டுதுன்னா..."

"பட்டுதுன்னா?" என்றார் டான் ஹெர்மினியோ. நெற்றியில் ஒரு துளி வியர்வை.

"மொதல்ல இளஞ்சூடு வரும்."

டான் ஹெர்மினியோ காலை மாற்றி நின்றார்.

"அப்புறம் நல்ல சூடு."

மறுபடி மாற்றி நின்றார்.

"அப்புறம்... உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம்..."

உஸ்ஸ்ஸ்!

வெள்ளைக் கால்சட்டையின் வலது பாக்கெட்டிலிருந்து வெள்ளைப் புகை!

"ஐயோ! எரியுதே! அம்மா!"

"கால்சட்டையைக் கழட்டுங்க! கையை உள்ள விடாதீங்க! கழட்டுங்க!" சுனில்டா கத்தினாள்.

டான் ஹெர்மினியோ அறுபது வயதில் இருபது வயதுக்காரன் வேகத்தில் கழட்டினார். உள்ளே பூப்போட்ட உள்ளாடை. சுனில்டா கீழே கிடந்த ஒரு கம்பியால் கால்சட்டையைத் தூக்கி முற்றத்தில் வீசினாள். தீயணைப்புக்காரர்கள் வைத்துவிட்டுப் போன மணல் வாளியை அப்படியே கவிழ்த்தாள். உள்ளே ஒரு தடவை பொட்டென்று சத்தம். பிறகு அடங்கியது.

"சார், உங்க ஐஸ் தண்ணி!"

"என் தெரெரேக்கு..."

"சார்!"

ரிகெல்மே கண்ணை மூடிக்கொண்டு, பிளாஸ்க் முழுவதையும் தலைவரின் தொடையில் ஊற்றினார். அவர் அன்று செய்த மிகப்பெரிய தியாகம் அதுதான்.

"தப்பிச்சீங்க. லேசான சூட்டுக் காயம்தான்" என்றாள் சுனில்டா. "இப்ப சொல்லுங்க. சாட்சியை எதுக்கு எடுத்தீங்க?"

உள்ளாடையோடு நின்று பொய் சொல்வது கஷ்டம். டான் ஹெர்மினியோ அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்துக்கு அக்கரையில... பொசாடாஸ் ஊர்ல... ஒருத்தன் கிரீடத்துக்கு நல்ல விலை சொன்னான். இறகு மேல பெயின்ட் தின்னரை ஊத்திக் கொளுத்தினேன். வேப்பை உள்ள போட்டா எலாடியோ மறதின்னு எல்லாரும் நம்பிடுவாங்கன்னு..."

"என்னைப் போய்..." எலாடியோவின் குரல் உடைந்தது. "உங்க பேரனுக்கு ஞானஸ்நான உடை தைச்சவன் நான்!"

"மன்னிக்கலாம்னு சொன்னீங்களே தலைவரே?" ஞா பிளாசிதா விசிறியைத் திருப்பிப் பிடித்தாள். "வாங்க, மன்னிக்கறேன்!"

இரண்டு அடி விழுந்த பிறகுதான் ரிகெல்மே தடுத்தார். அவரும் அவசரப்படவில்லை.

தலைவரின் கார் டிக்கியில் வெல்வெட் பெட்டி கிடைத்தது. ரிகெல்மே திறந்தார்.

வெள்ளிக் கிரீடம்! முப்பது இதழ்கள். வெயிலில் பளபளத்தது!

"என் கண்ணே!" ஞா பிளாசிதா அதை வாரி எடுத்தாள்.

ஒரு இதழ் கழன்று விழுந்தது.

இன்னொன்று.

இன்னும் நாலு!

அவள் விரல்களுக்கு நடுவே நூல் நூலாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது... பசை!" என்றாள். "வெயில்ல உருகிப் போன பசை! இது அட்டை!"

டான் ஹெர்மினியோவின் வாய் திறந்தபடி நின்றது.

எல்லோரும் எலாடியோவைப் பார்த்தார்கள். எலாடியோ தன் செருப்பைப் பார்த்தார்.

"அண்ணே..." சுனில்டா மெதுவாகக் கேட்டாள். "அந்த பிஸ்கட் டின்ல என்ன இருக்கு?"

"வியாழக்கிழமை..." எலாடியோ எச்சில் விழுங்கினார். "நாற்காலியில கிரீடம் இருந்ததைப் பார்க்கலை. உட்கார்ந்துட்டேன்."

"உட்கார்ந்துட்டியா?" ஞா பிளாசிதா.

"லேசாத்தான்மா! நாலு இதழ்தான் உடைஞ்சுது! சுனிகிட்ட பத்த வைக்கக் குடுத்துட்டு, அதுவரைக்கும் பீரோவுல வைக்க ஒரு டூப்ளிகேட் செஞ்சேன். அவகிட்டகூட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"யோவ்! ஜெயிலுக்குப் போகவே ரெடியா இருந்தியே! அப்பக்கூடச் சொல்லக் கூடாதா?" ரிகெல்மே தலையில் கை வைத்தார்.

"ஜெயில்ல சாப்பாடாவது போடுவாங்க சார். இந்த அம்மாகிட்ட சொன்னா..."

விசிறி அவர் முகத்துக்கு நேரே வந்தது. ஆனால் இந்த முறை இறங்கவில்லை. ஞா பிளாசிதாவின் உதடு துடித்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

ஜீப்பில் ஏறும்போது டான் ஹெர்மினியோ ஈனக்குரலில் கேட்டார்.

"அப்ப... நான் இவ்ளோ கஷ்டப்பட்டுத் திருடினது...?"

"அட்டை, பசை, சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள்" என்றாள் சுனில்டா. "அண்ணன் சிகரெட் பிடிச்ச காலத்துல சேர்த்து வெச்சது. உடம்புக்கும் கெடுதல், திருடனுக்கும் கெடுதல்!"

ஜீப் கிளம்பியது.

ஆறு மணிக்கு, சுனில்டாவின் கவுன்ட்டரில் நாலாவது இதழும் ஒட்டியது. நிஜ வெள்ளி. கடையே மின்னியது. சனிக்கிழமை ராணி தலை நிமிர்ந்து போவாள். பின்னால் எலாடியோவும் போவார். சுனில்டாவுக்கு மனசு நிறைந்து, கண்ணும் கொஞ்சம் நிறைந்தது.

"இந்தாங்க." கிரீடத்தையும் ஒரு சின்னக் குப்பியையும் எலாடியோவிடம் நீட்டினாள். ரோஸ் நகப்பூச்சு!

"இது எதுக்கு சுனி? பேட்டரிதான் போச்சே?"

"பேட்டரிக்கு இல்லை அண்ணே. கிரீடத்துலயும் ஒரு பொட்டு வெச்சு, பக்கத்துல பெருசா எழுதி வெச்சுடுங்க... 'இது தலைக்கு'ன்னு!"