முதுகு காட்டும் பயிற்சி

மேனேஜரின் ஓட்டத்தில் கால்கள் அதிகமாகக் கேட்டன.

மேனேஜர் என்பது நாய்க்குட்டி. மூன்றரை மாதம். வந்த முதல் நாளே வீட்டிலிருந்த செருப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, எதிலும் திருப்தியில்லாதது போலத் தும்மியது. அதனால் அவன் மனைவி அப்படிப் பெயர் வைத்தாள். வைத்த பதினோராம் நாள் அவள் இறந்துபோனாள்.

பகலெல்லாம் குட்டி பஞ்சுமூட்டை போலக் கிடக்கும். சாயங்காலம் ஆறரை தாண்டினால் போதும், யாரோ அதற்குச் சாவி கொடுத்துவிட்டது போல ஆகிவிடும். காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்ள, கூடத்திலிருந்து படுக்கையறைக்கும், அங்கிருந்து சமையலறைக்கும், திரும்பக் கூடத்துக்குமாக, நாற்காலியில் இடித்து, தரைவிரிப்பைச் சுருட்டி, பாசிமணி கொட்டியது போல நகங்கள் தரையில் சிதறச் சிதற ஓடும். அந்தச் சிதறலுக்கு அடியில், அரை அடி பின்தங்கி, வேறொரு சத்தம் வருவதை அன்றுதான் கவனித்தான். நகமில்லாத சத்தம். வெறுங்கால் தரையில் ஒட்டிப் பிரிவது போல.

குட்டி நின்றது. அந்தச் சத்தம் நிற்க இன்னும் இரண்டு அடி ஆனது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். பாதிச் சாமான்களை மூட்டைகட்டிப் பரணில் போட்டாயிற்று. காலி வீடு எதிரொலிக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவதா ஒண்ணு வாங்கிட்டீங்களா?”

“இல்லைங்க. இது ஒண்ணுதான்.”

“ஒண்ணுக்கே இந்த ஆட்டமா! என் வீட்டு ஃபேன் சுவிட்சு போடாமலே ஆடுது.” சிரித்தவர் மெல்ல நிறுத்தினார். “இல்ல, கனமா யாரோ குறுக்கும் நெடுக்கும் நடக்குற மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன். உங்க வீட்டம்மா ஆசையா கொண்டாந்த குட்டி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஓனர் காதுக்குப் போனா நாய அனுப்புன்னுடுவாரு. கொஞ்சம் அடக்கி வைங்க தம்பி.”

அனுப்புவது என்ற சொல் அவனுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. ஒருத்தியை அனுப்பியாகிவிட்டது. குட்டியின் கழுத்துப்பட்டையில் துளைபோட்டது அவள். ஆணியைச் சுட வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு போட்ட துளை.

கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் சின்னப் பெண். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தபடியே பேசினாள்.

“சாயங்காலமானா குட்டிங்களுக்குப் பேய் பிடிக்கும் சார். பகல்ல தூங்கிச் சேத்து வச்ச தெம்பெல்லாம் அப்பதான் வெளிய வரும். ஆறு மணிக்கே நடக்கக் கூட்டிட்டுப் போங்க. கடிக்க ஏதாவது குடுங்க. அப்பவும் குதிச்சா முதுகக் காட்டி நில்லுங்க. பாக்கக் கூடாது, பேசக் கூடாது. திட்டினாக்கூட அதுக்கு விளையாட்டுதான். நாலு காலும் அசையாம நின்னப்புறம் திரும்பிக் கொஞ்சுங்க. ஒரு வாரத்துல வழிக்கு வந்துடும்.”

“திரும்பாம நிக்கணும். அவ்வளவுதானே?”

“எல்லாருக்கும் அதுதான் சார் கஷ்டம்.”

அவனுக்குக் கஷ்டமில்லை. பழகிய வேலை.

மருத்துவர்கள் ஒலிப்பதிவில் சொல்லும் நோய்க்குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவன் பிழைப்பு. மேசை கூடத்துச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. காதில் ஹெட்ஃபோன். அவள் இறந்த அன்று சாயங்காலமும் மூன்று நோயாளிகளின் மூச்சுத்திணறலைப் பிழையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் அவள் நடந்துகொண்டிருந்தாள். கூடம், படுக்கையறை, சமையலறை. நெஞ்சில் தைலம் தேய்த்திருந்தாள்.

“டேய், ஒரு மாதிரி படபடன்னு இருக்குடா.”

“ஒரு இடத்துல உக்காரு. சரியாயிடும்.” திரும்பாமல்தான் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தான். நுரையீரலில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். அவன் நூறு தடவையாவது அடித்திருக்கும் வாக்கியம்.

பயிற்சி பலித்தது. முதல் நாள் பதினெட்டு நிமிடம் சுவரைப் பார்த்து நின்றான். மூன்றாம் நாள் பத்து நிமிடம். குட்டி முழங்காலில் தாவும், பேன்ட்டைக் கடித்து இழுக்கும், சலித்துப்போய் ஓடும், பிறகு அடங்கும். ஐந்தாம் நாள் அவன் திரும்பியபோது அது படுக்கையறை வாசலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிடரி மயிர், யாரோ எதிர்ப்பக்கமாகத் தடவிவிட்டது போலக் கலைந்து நின்றது. கூடத்தில் தைலம் மணத்தது. ஜன்னலைத் திறந்துவைத்தான். கீழ்வீட்டுச் சமையல் வாசனை வந்தது, குழந்தை அழும் சத்தம் வந்தது, தைலம் போகவில்லை.

ஆறாம் நாள். நடந்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து நின்றான். ஆறு முப்பத்தைந்து.

குட்டி ஓடியது. நாற்காலி. தரைவிரிப்பு. கதவு. நான்கே நிமிடம். நகங்கள் அடங்கின. வெதுவெதுப்பாக ஏதோ கணுக்காலை உரசியது. குட்டி அவனுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, அவன் பாதங்களின் மேல் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தான். நான்கு கால்கள். அசையவில்லை.

பின்னால் ஓட்டம் நிற்கவில்லை.

கூடம். படுக்கையறை. சமையலறை. வெறுங்கால். ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து.

குட்டி அவனைப் பார்க்கவில்லை. அவன் இடுப்பைத் தாண்டிப் பார்த்தது. அதன் தலை இடமிருந்து வலமாகத் திரும்பியது. மறுபடி இடமாக. வால் மெல்ல ஆடியது.

இப்போது மூச்சும் கேட்டது. இழுத்து, நடுவில் அறுந்து, மறுபடி இழுத்து. அவன் பிடரியில் தைலத்தின் குளிர்ச்சி.

ஆறு நாள். ஆறு நாளாக அவளுக்கும் சேர்த்துத்தான் முதுகைக் காட்டியிருக்கிறான்.

“வந்துட்டேம்மா,” என்றான். “இதோ.”

திரும்பினான்.

ஓட்டம் நின்றது.

கூடத்தின் நடுவே அவள் நின்றிருந்தாள். அந்தச் சாயங்காலத்து நைட்டி. பாதி அவிழ்ந்த பின்னல். அவனுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து.

“ஏய்.”

தோள்கள் ஏறி இறங்கின.

“நான் கேட்டிருக்கணும். எழுந்து வந்திருக்கணும். ஏய், மூஞ்சியக் காட்டு.”

சுவரோரமாகச் சுற்றி அவளுக்கு முன்னால் போனான். முன்னால் பின்னல் தொங்கியது. நைட்டியின் முதுகுப்புறம். கழுத்தின் பின்குழி.

இடப்பக்கம் போனான். பின்னல்.

வலப்பக்கம். பின்னல்.

நடை வேகமானது. ஓட்டமானது. நாற்காலி உருண்டது. தரைவிரிப்பு சுருண்டது. கீழேயிருந்து யாரோ கூரையைத் தட்டினார்கள். மேனேஜர் சுவரோரத்தில் நான்கு கால்களையும் மடக்கி, அசையாமல் இருந்தது. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்தான். எந்தப் பக்கம் போய் நின்றாலும் முதுகு. அவள் மூச்சு மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது.